இறுக்காத நாலு போல்ட்

அந்தப் பட்டறையில் நான்கு நாளாகச் சுவருக்கு ஏக மரியாதை. புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்கள். "பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தவங்க எடுத்த எடத்துல வைக்கணும்" என்று அவன் சுவரிடம் சொல்வான். "சாப்பாடு மேசை மேல இருக்கு, பசிச்சவங்க சாப்பிடலாம்" என்று அவள் சுவரிடம் சொல்வாள். சுவருக்கு வாய் இருந்திருந்தால் இரண்டு பேரையும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கும்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். பட்டறை தொடங்கி ஒன்பது வருடம். மோட்டார் சைக்கிள் மட்டும்தான் பார்ப்பார்கள். இன்ஜினும் சக்கரமும் அவன் பொறுப்பு, வயரும் கேபிளும் பிரேக்கும் அவள் பொறுப்பு. தெருவில் அவளை எல்லோரும் மெக்கானிக்கம்மா என்பார்கள். அவனை மெக்கானிக்கம்மா வீட்டுக்காரர் என்பார்கள். அதில் அவனுக்கு வருத்தம் எதுவும் கிடையாது, பெருமைதான்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. உயிர் போகிற இடத்தில் இருக்கும் எந்த போல்ட்டையும் ஒருவர் இறுக்கினால் மற்றவர் டார்க் ரெஞ்சை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த ரெஞ்சில் அளவு வைத்துத் திருகினால், போல்ட் அந்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் கேட்டவர்தான் போல்ட் தலைமேலும் பக்கத்து இரும்புமேலும் சேர்த்து, சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் இரண்டு பேர் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது வருடத்தில் அந்தப் பட்டறையிலிருந்து போன வண்டி ஒன்றில்கூட ஒரு திருகு கழன்றதில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் பிழைப்பே ஓடியது.

சண்டை வந்தது அவளுடைய அண்ணனால்.

அண்ணன் கணக்கு வாத்தியார். லீவு விட்டால் அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஊர் சுற்றப் போய்விடுவார். அதற்கென்றே ஒரு பெரிய டூரிங் வண்டி வைத்திருந்தார். போன வருடம் பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் உடைந்து, உள்ளே தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு குனிந்து ஹேண்டிலைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் கை மரத்துப்போகும். உயரமான ஹேண்டில் பார் ஒன்றை வாங்கிவந்து தங்கையிடம் கொடுத்தார். பழையதைவிட மூன்று அங்குலம் உயரம், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டலாம்.

"கையத் தூக்கவே முடியல, இவருக்கு ஆயிரம் கிலோமீட்டர் போகணுமா? அதுவும் மலை ரோட்டுல?" என்றான் அவள் கணவன். "நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"பத்து மாசமா அந்த மனுஷன் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நான் போய் போகாதீங்கன்னு சொல்லவா?"

"உங்க அண்ணன்னா உனக்குக் கண்ணு தெரியாது."

அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது. "உங்களால முடியலன்னா சொல்லுங்க. வேற நல்ல மெக்கானிக்காப் பாத்துக்கறோம்."

சொன்ன நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கடித்து என்ன பிரயோஜனம்? அவன் கையிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்தான். அதோடு அவன் வாய் மூடியது. அவளுக்கும் வீம்பு. மன்னிப்புக் கேட்க ஐந்து நிமிடம் போதும், நான்கு நாள் ஓடிவிட்டது.

பேச்சு இல்லையே தவிர வேலையில் குறை இல்லை. ஹேண்டில் உயர்ந்தால் அதிலிருந்து கீழே போகிற எல்லாமே நீள வேண்டும். அவள் நீளமான கிளட்ச் கேபிள் போட்டாள், நீளமான பிரேக் ஹோஸ் போட்டாள், சுவிட்ச் வயர்களை அறுத்து நீட்டிச் சேர்த்தாள். முன்சக்கரத்தை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பித் திருப்பி ஹோஸ் எங்காவது விறைக்கிறதா என்று பார்த்தாள். இன்ஜினை ஓடவிட்டு, திருப்பும்போது சத்தம் ஏறுகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். எல்லாம் கச்சிதம்.

மிச்சம் இருந்தது ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கிளாம்ப், அதில் நாலு போல்ட். அதை மட்டும் கடைசியில்தான் இறுக்குவார்கள். ஹேண்டில் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்பதை ஓட்டுகிறவர் வந்து உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அண்ணன் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் பின்னால மாப்ள... இன்னும் ஒரு நூல்... ஆங், போதும் போதும்." அவன் எல்-கீயை எடுத்து, நழுவாத அளவுக்கு நாலு போல்ட்டையும் லேசாகப் பிடித்து வைத்தான். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? "பாத்து மாப்ள, நடு ரோட்டுல கையோட வந்துடப்போவுது" என்று சிரித்தார்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. சுவரைப் பார்த்து, "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டான்.

ஹேண்டில் எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்பது முடிந்தது என்ற அர்த்தத்தில்தான் அவன் சொன்னான். இறுக்கியாயிற்று என்று அவள் எடுத்துக்கொண்டாள். சரி, அப்படியே எடுத்துக்கொண்டாலும் ரெஞ்சை வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும், சட்டம் அதுதானே? பார்க்கத்தான் போனாள். சின்ன டார்க் ரெஞ்ச் தொங்குகிற ஆணியில் ரெஞ்ச் இல்லை. எங்கே என்று கேட்க வேண்டுமானால் டீக்கடை வரை போய் அவன் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும். இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்கு மனசு வரவில்லை. ஹேண்டிலைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவர் வேலையில் என்றைக்குக் குறை இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாலு போல்ட்டிலும் நாலு கோடு போட்டாள்.

அவன் திரும்பி வந்து சிவப்புக் கோடுகளைப் பார்த்தான். தான் பாதியில் விட்டதை அவளே இறுக்கி, அவளே சரிபார்த்துவிட்டாள் என்று நினைத்தான். அவன் கை முதலில் பட்டிருந்தால் போதும் என்று, அதற்கு முன்னாலும் ஓரிரு தரம் அப்படிச் செய்திருக்கிறாள். அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணியும் அண்ணனும் புறப்பட்டார்கள். போனில் வழியனுப்பினாள். எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து லேத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் சின்ன டார்க் ரெஞ்ச்.

"மெக்கானிக்கம்மா, இந்தாங்க. முந்தாநாள் உங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கிட்டுப் போனது. வேலை இன்னைக்குத்தான் முடிஞ்சுது."

"முந்தாநாளா?"

"ஆமா, மத்தியானம் வாங்குனேன்."

"நேத்து சாயங்காலம் இது எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான். ஏன்?"

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, சுவரைப் பார்த்து அல்ல, நேராக அவனைப் பார்த்து நான்கு நாளில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"கிளாம்ப் போல்ட்ட நீங்க எதுல இறுக்குனீங்க?"

அவன் நிமிர்ந்தான். "நான் எங்க இறுக்குனேன்? எல்-கீல சும்மா புடிச்சு விட்டேன். நீதான இறுக்கிக் கோடு போட்ட?"

"நான் இறுக்கல."

"கோடு இருந்துச்சே. நீ லேத்துக்குப் போயி ரெஞ்ச வாங்கிட்டு வந்து செஞ்சிருப்பன்னு நெனச்சேன்."

"நீங்க இறுக்கிட்டீங்கன்னு நெனச்சு நான் கோடு போட்டேன்."

லேத்துக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஈயாடவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் ஏறினால் போனைப் பக்கத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அவர் வழக்கம், ரோட்டில் இருக்கும்போது ரோடு மட்டும்தான் என்பார். அண்ணி போனும் அணைந்து கிடந்தது. மலைமேல் போட்டோ எடுக்க சார்ஜ் வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். 'வண்டியை நிறுத்துங்க, ஹேண்டில் லூஸ்' என்று இரண்டு போனுக்கும் எழுதி அனுப்பினாள். யார் பார்க்கப்போகிறார்கள்?

"மலையடிவாரம் எண்பது கிலோமீட்டர். எத்தன மணிக்குக் கெளம்புனாங்க?" என்றான் அவன்.

"ஏழு. அண்ணன் அறுபதுக்கு மேல போகமாட்டாரு. நடுவுல ஒரு எடத்துல சாப்பிடுவாங்க."

"அப்ப ஏறு."

கடையை லேத்துக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் ரெஞ்சையும் அதற்கான முனையையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுடைய பழைய வண்டியில் பின்னால் ஏறினாள். அவன் இடுப்பைப் பிடித்தாள். நான்கு நாளாகப் படுக்கையில்கூட நடுவே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள். அதை யோசிக்கவெல்லாம் அப்போது நேரமில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் அவன் தொண்ணூறில் விரட்டினான். அந்த வண்டிக்கு அதற்குமேல் சக்தி இல்லை. அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. நேர் ரோட்டில் பயமில்லை, ஹேண்டில் சும்மா நிற்கும். ஏற்றத்திலும் எப்படியோ தாங்கும். இறக்கம்தான் எமன். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பேர் பாரமும் கைவழியாக ஹேண்டில்மேல் விழும். ஹேண்டில் உயரமாக இருப்பதால் நெம்பும் பலமும் அதிகம். லேசாகப் பிடித்து வைத்த கிளாம்ப் அதைத் தாங்காது. ஹேண்டில் முன்னால் உருளும், அதோடு பிரேக் பிடியும் கீழே போய்விடும். தகடு வைத்த தோளால் அதை இழுத்து நிறுத்த முடியாது. மலையில் இந்தப் பக்கம் ஏற்றம் இருபது கிலோமீட்டர், அந்தப் பக்கம் இறக்கம். இறக்கத்தில் ஒன்பது வளைவு என்று அண்ணனே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"எவ்ளோ புடிச்சீங்க?" என்று காதோரம் கத்தினாள்.

"ரெண்டு வெரல் பலத்துக்கு!"

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் லாரி வரிசை. அவன் ஓரமாகவே ஓட்டிக் கம்பிவரை வந்துவிட்டான், ஆனால் கம்பிக்குமேல் பறக்க முடியாதே. இன்ஜினை அணைத்தான். சுற்றிலும் ஜனங்கள் ஜன்னல் வழியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி போன் போட்டாள், மறுபடி மணி அடித்து ஓய்ந்தது. ரயில் வருகிற சுவடே இல்லை.

"ரெஞ்சத் தேடுனேங்க" என்றாள் திடீரென்று. "ஆணியில இல்ல. உங்ககிட்டக் கேக்கணும். கேக்கப் புடிக்கல. அதுக்காகத்தான் கோட்டப் போட்டேன். சும்மா போட்டேன்."

அவன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத லேத்துக்குக் குடுத்தப்ப நீ உள்ள வேலையா இருந்த, காதுல விழுந்திருக்கும்னு விட்டுட்டேன். சொல்லிருக்கலாம். எனக்கும் சொல்லப் புடிக்கல."

"எங்க அண்ணனுக்கு எதாவது ஆச்சுன்னா..."

"ஆகாது."

"அண்ணி பாவங்க. அவங்க யாரு வம்புக்கும் போகமாட்டாங்க."

"ஆகாதுன்னு சொல்றேன்ல" என்று அதட்டினான். அவன் குரல் நடுங்கியது. அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் இவளுக்கு இன்னும் பயம் கூடிற்று.

ரயில் வந்து போய் கம்பி தூக்க ஏழு நிமிடம்.

மலையடிவாரத்து பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேட்டார்கள். பெட்ரோல் போடுகிறவர் உடனே தலையாட்டினார். "பெரிய வண்டி, ஹேண்டில் மாட்டுக் கொம்பு மாதிரி தூக்கிட்டு இருக்கும், பின்னால ஒரு அம்மா. அவங்கதான? பக்கத்துல சாப்பிட்டுட்டு இங்க பெட்ரோல் போட்டாங்க. போயி பத்து நிமிஷம் இருக்கும்."

"எதாவது சொன்னாங்களா?"

"சொல்லல. அந்த சார் ஹேண்டிலப் புடிச்சு ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு நின்னாரு. அப்பறம் குனிஞ்சு எதையோ பாத்தாரு. சரிதான்னு கெளம்பிட்டாரு."

ஆட்டிப் பார்த்தார் என்றால் அது ஆடியிருக்கிறது. ஆடியது தெரிந்தும் ஏன் ஏறினார்?

ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அவள் கண் முதலில் தடுப்புச் சுவருக்குத்தான் போயிற்று. ஆறாவது வளைவில் சுவர் உடைந்திருந்தது. பக்கத்தில் வந்தபோது உடைந்த இடத்தில் புல் முளைத்திருப்பது தெரிந்தது. அந்தப் புல்லைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

உச்சியில் வண்டிகள் நிற்கிற சமதளத்தில் ஒரு டீக்கடை. நாலு கார் நின்றது, ஒரு வேன் நின்றது. அண்ணன் வண்டி இல்லை.

"இப்பத்தான் போறாங்க" என்று டீக்கடைக்காரர் இறக்கத்தைக் கைகாட்டினார். "டீ கிளாஸ் இன்னும் கழுவல."

அவன் கிளட்சை விட்ட வேகத்தில் அவள் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவு. அதற்குக் கீழே கொஞ்சம் நேரான இறக்கம், அங்கே தெரிந்தது வண்டி. அண்ணியின் நீலச் சட்டை, அண்ணனின் நிமிர்ந்த முதுகு. இடது பக்கம் மலை, வலது பக்கம் வெறும் காற்று. அவன் கட்டைவிரல் ஹார்னுக்குப் போயிற்று.

"அடிக்காதீங்க!" அவன் கையை எட்டிப் பிடித்தாள். "பயந்து பிரேக் புடிச்சிருவாரு!"

அதுதான் தர்மசங்கடம். கூப்பிட்டால் பிரேக் பிடிப்பார், பிடித்தால் ஹேண்டில் விழும். முதல் இரண்டு வளைவில் மெதுவாக இறங்கித் தப்பியிருக்கிறார், கூப்பிடாவிட்டால் நூறு அடியில் அடுத்த வளைவு, அங்கே பிடிக்கத்தான் போகிறார்.

"பக்கத்துல போங்க. மெதுவாப் போங்க."

சத்தமில்லாமல் அவர்கள் வலது பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் கண் விரிந்தது. அவள் வலது கையைத் தூக்கிப் பிரேக் பிடிப்பதுபோல் மடக்கிக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். காலைத் தட்டிக் காட்டினாள், பின் பிரேக், பின் பிரேக் மட்டும். "முன் பிரேக்கத் தொடாதண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சந்தோஷமாகக் கையசைத்தாள்.

அண்ணனுக்கும் தங்கை வந்த சந்தோஷம்தான். நிறுத்தச் சொல்கிறாள் என்று மட்டும் புரிந்தது. நல்ல வேளை, நிறுத்துவதற்காக மலைப்பக்கம் ஒதுங்கினார், வேகம் இருபதுக்கு வந்துவிட்டது, பிறகுதான் முன் பிரேக்கைப் பிடித்தார்.

ஹேண்டில் அப்படியே முன்னால் உருண்டது. அண்ணன் நெஞ்சு பெட்ரோல் டேங்கில் மோதியது. அண்ணியின் ஹெல்மெட் அவர் முதுகில் இடித்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி, மலையோரச் சாக்கடையில் முன்சக்கரத்தை இறக்கி நின்றது. கவிழவில்லை. அண்ணனின் இரண்டு காலும் தரையில் இருந்தன.

ஒரு லாரி எதிரே ஏறி வந்து, ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

அவள்தான் முதலில் ஓடினாள். "அண்ணா, தோளு? தோளு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல." அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டுக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்த ஹேண்டிலைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "நான் சும்மா சிரிப்புக்குச் சொன்னேன் மாப்ள. நெசமாவே கையோட வர வச்சிட்டீங்களே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பு அவர் மேல இல்லண்ணா" என்றாள். "நான் இறுக்கிச் சரிபாப்பேன்னுதான் அவர் விட்டுட்டுப் போனாரு. நான் பாக்கல. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல, நாலு நாளா. ரெஞ்சு எங்கன்னு கேக்கப் புடிக்காம பாக்காமயே கோடு போட்டுட்டேன்."

அண்ணன் அவளையே பார்த்தார். "கீழ பங்க்லயே லேசா எறங்குன மாதிரி இருந்துச்சு பாப்பா. எனக்குச் சந்தேகம். குனிஞ்சு பாத்தேன். நாலுலயும் உன் கோடு இருந்துச்சு, ஒண்ணும் வெலகல. நீ போட்ட கோடுன்னா பாக்கவே வேணாம்னு ஏறிட்டேன்."

அவள் அங்கேயே சாக்கடைக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடு விலகாதுதான். போல்ட் திரும்பினால்தான் கோடு விலகும். இறுகவே இறுகாத போல்ட் தன் இடத்தில் சாதுவாக நிற்கும், ஹேண்டில் மட்டும் உருளும். அது அவளுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அழுகை வந்தது. அழுதாள்.

அண்ணி இதுவரை வாயைத் திறக்கவில்லை. இறங்கி நின்று, வலது பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வேலைய முடிங்க தம்பி. வெயில் ஏறுது."

நாலு பேரும் சேர்ந்து வண்டியைச் சாக்கடையிலிருந்து தூக்கினார்கள். அண்ணன் உட்கார்ந்து மறுபடி அளவு சொன்னார். அவன் முன்பக்கத்து இரண்டை முதலில், பின்பக்கத்து இரண்டைப் பிறகு இறுக்கினான். நாலு 'டிக்'. ரெஞ்சை அவளிடம் நீட்டினான். "நீ பாரு" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மறுபடி நாலு 'டிக்'. அண்ணன் வண்டியை உருட்டி, முன் பிரேக்கைப் பிடித்து முழு பலத்தோடு அழுத்தினார். ஹேண்டில் கல்லாக நின்றது.

"சரியாப் போச்சு. ஏறு, போலாம்" என்றார் அண்ணியிடம்.

அண்ணி ஏறவில்லை. மெக்கானிக்கம்மாவைப் பார்த்தாள்.

"நீ ஏறு" என்றாள்.

"அண்ணி?"

"மலை எறங்குற வரைக்கும் நீ உக்காரு. நான் தம்பி பின்னால வர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவள் கணவன் மறுபேச்சில்லாமல் தன் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வலது தோளைத் தொடாமல் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஏழு வளைவு. முதல் வளைவில் அண்ணன் பிரேக்கைப் பிடித்தபோது அவள் பாரம் முழுவதும் முன்னால் சரிந்து அவர் முதுகில் விழுந்தது, முதுகிலிருந்து கைக்கு, கையிலிருந்து ஹேண்டிலுக்குப் போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு போல்ட்டையும் தன் கையால் பார்த்திருக்கிறாள், நாலு சத்தத்தையும் தன் காதால் கேட்டிருக்கிறாள். இருந்தும் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கிக்கொண்டது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். திறந்து வைத்துக்கொண்டு, அண்ணன் தோளுக்கு மேலாக அந்த கிளாம்ப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது வளைவு, மூன்றாவது, நான்காவது. ஏழாவது வளைவு முடிந்து ரோடு சமமானபோது அவள் விரல்களை அண்ணன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அண்ணன் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். பின்னாலேயே அவனும் வந்து நிறுத்தினான். அண்ணி இறங்கி நடந்து வந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. கடைசி வரைக்கும் இருந்துச்சு."

அண்ணி கன்னத்துக்குக் கீழே வாரைப் பூட்டினாள்.

"எனக்கு மேல ஏறுறப்ப பயமே இல்ல" என்றாள். "உங்க அண்ணன் முதுகுல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டு வந்தேன். எறங்கு, நேரமாச்சு."